விளம்பரம் இன்னும் வருகிறதா? எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

எதிர் வீட்டு அண்ணாச்சி லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தால் விஷயம் என்ன என்று கேட்கவே வேண்டாம். "தம்பி, அன்னைக்கு தடுப்பான் போட்டோம்லா, மறுபடியும் விளம்பரமா வருது." திறந்து பார்த்தால் பிரவுசரின் மேல் மூலையில் நான்கு விளம்பரத் தடுப்பான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று நான் போட்டது. மீதி மூன்றும் அவரே தேடிப் போட்டவை. ஒரே காய்ச்சலுக்கு நாலு டாக்டரைப் பார்த்துவிட்டு நாலு பேர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான்.

எந்தத் தடுப்பான் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, 'உங்களுக்கு என்ன தொந்தரவு?' என்றுதான். பக்கத்துக்குள் வரும் விளம்பரம் வேறு, திரை மூலையில் குதிக்கும் விளம்பரம் வேறு, உங்களைப் பின்தொடரும் விளம்பரம் வேறு. சிலவற்றுக்கு எக்ஸ்டென்ஷனே, அதாவது பிரவுசரோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் இந்தக் குட்டி மென்பொருளே, மருந்தில்லை. அதனால் கீழே அறிகுறி அறிகுறியாகச் சொல்லியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது இரண்டு உண்டு.

முதலாவது, எண்ணிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து (தமிழில் குரோம் வைத்திருப்பவர்களுக்கு 'நீட்டிப்புகள்' என்று இருக்கும்) விளம்பரம் தடுக்கிறேன் என்று சொல்பவை எத்தனை என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். அணைத்து வைப்பதை விட நீக்குவதே நல்லது. இரண்டு தடுப்பான்கள் சேர்ந்தால் இரட்டிப்புப் பலம் வராது. ஒன்று செய்யும் நுட்பமான வேலையை மற்றது கெடுத்துவிடும். பக்கம் உடைந்தால் யார் உடைத்தது என்றும் தெரியாது.

இரண்டாவது, மறைநிலைச் சன்னலில், அதாவது இன்காக்னிட்டோவில், அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுக்காதவரை குரோமில் அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அங்கே பக்கம் ஒழுங்காக வேலை செய்து, வழக்கமான சன்னலில் மட்டும் உடைந்தால், பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி. இரண்டு இடத்திலும் ஒரே கோளாறு என்றால் தளத்தையோ இணைப்பையோ பாருங்கள். "மறைநிலையில் மட்டும் விளம்பரம் வருது" என்று புகார் சொல்பவர்களுக்கும் பதில் இதுவேதான். எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய் மறைநிலையில் ஓட அனுமதி கொடுத்தால் தீர்ந்தது.

"நேற்று வரை நன்றாக இருந்தது. இன்றைக்கு எல்லா விளம்பரமும் வருகிறது"

நீங்கள் குரோம் பயன்படுத்துகிறீர்கள், வைத்திருந்தது யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் என்றால், காரணம் தெரிந்ததுதான். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் அது அணைக்கப்பட்டிருக்கும், 'இனி ஆதரவில்லை' என்பது போல ஒரு வரி பக்கத்தில் இருக்கும். நீங்கள் எதையும் தவறாக அழுத்திவிடவில்லை. கூகுள் தன் விதியை மாற்றியிருக்கிறது.

பழைய முறை எப்படியென்றால், ஒரு பக்கம் திறக்கும்போது அது வெளியிலிருந்து என்னென்ன கேட்கிறதோ, படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரல்) எல்லாவற்றையும் எக்ஸ்டென்ஷன் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். விளம்பரக் கம்பெனியிடமிருந்து வருகிறதா, உள்ளே விடாதே. புதிய முறைக்கு மேனிஃபெஸ்ட் மூன்றாம் பதிப்பு என்று பெயர். இதில் எக்ஸ்டென்ஷன் வாசலில் நிற்கக் கூடாது. யாரையெல்லாம் விடக் கூடாது என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேகம், பாதுகாப்பு என்பது கூகுள் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி, விளம்பரத்தைத் தடுப்பவனின் கையைக் கட்டுகிறது என்று மற்றவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

2018இல் பேச்சு எழுந்தது. 2024 ஜூனில் சோதனைப் பதிப்புகளில் எச்சரிக்கை வரத் தொடங்கியது. 2025 நடுவில் சாதாரணப் பயனர்களுக்குப் பழைய முறை முழுவதுமாக மூடப்பட்டது. மறுபடியும் இயக்க ஒரு தந்திரம் இருக்கிறது என்று எங்காவது படித்தீர்களானால் அது காலாவதியான குறிப்பு. பழைய யூபிளாக்கைத் தெரியாத தளத்திலிருந்து இறக்கிப் போடலாம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புதிய முறையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 30,000 தடுப்பு விதிகளுக்குத்தான், அதாவது அந்தப் பட்டியலில் அத்தனை வரிகளுக்குத்தான், உத்தரவாதம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் பொதுவான ஒரு ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி போல நாலு தடுப்பான் வைத்திருந்தால் நாலும் ஒரே குடத்தில் கை விடுகின்றன என்று அர்த்தம்.

சரி, என்ன செய்வது? மூன்று வழி இருக்கிறது. முதல் வழி ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுவது. அங்கே பழைய முறை இன்னும் இருக்கிறது, முழு யூபிளாக் ஆரிஜினும் ஓடுகிறது. புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் இறக்குமதி செய்து முடிக்கப் பத்து நிமிடம் கூட ஆகாது. என் வீட்டில் இதைத்தான் செய்தேன். இரண்டாவது, குரோமை விட மனமில்லாதவர்களுக்கு யூபிளாக் ஆரிஜின் லைட். யூபிளாக் ஆரிஜினை எழுதியவரே 2022இல் புதிய விதிக்கு ஏற்ப எழுதிய சின்னத் தம்பி. அன்றாட விளம்பரங்களுக்குப் போதும். ஆனால் அதன் பட்டியல்கள் எக்ஸ்டென்ஷனோடு சேர்ந்தே வரும். எக்ஸ்டென்ஷன் புதுப்பிக்கப்பட்டால்தான் பட்டியலும் புதுசாகும். அதில் பேசிக், ஆப்டிமல், கம்ப்ளீட் என்று நிலைகள் உண்டு. ஒரு தளத்தில் விளம்பரம் கசிகிறது என்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் ஸ்லைடரைக் கம்ப்ளீட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். மூன்றாவது பிரேவ் பிரவுசர். தடுப்பான் அதற்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் எக்ஸ்டென்ஷன் விதிகள் அதைத் தொடாது. எக்ஸ்டென்ஷன் என்ற சொல்லே பிடிக்காத பெரியவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது இதைத்தான்.

"தேடினால் ஒரே பெயரில் பத்து வருகிறது. எதைப் போடுவது?"

இது கோளாறு இல்லைதான். ஆனால் பாதிக் கோளாறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

யூபிளாக் என்று ஒன்று, யூபிளாக் ஆரிஜின் என்று ஒன்று. ஆட்பிளாக் என்று ஒன்று, ஆட்பிளாக் பிளஸ் என்று ஒன்று. ரேஷன் கார்டில் ஒரே இனிஷியல் உள்ள இரண்டு முருகன் மாதிரி, பெயர் ஒட்டியிருக்கும், ஆள் வேறு. கனடாக்காரரான ரேமண்ட் ஹில் 2014இல் யூபிளாக்கை எழுதினார். 2015இல் அதன் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுத்தார். போக்குப் பிடிக்காமல் போகவே தன் பிரதியைத் தனியாகப் பிரித்து யூபிளாக் ஆரிஜின் என்று பெயர் வைத்தார். ஆரிஜின் என்ற வால் இல்லாத மற்றது 2018இல் ஆட்பிளாக் காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆகவே வால் முக்கியம். ஹில் இதற்காக நன்கொடை கூட வாங்குவதில்லை. பணம் கேட்கும் யூபிளாக் ஒன்று உங்கள் முன் வந்தால் அது அவருடையது இல்லை என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

தேடுபொறியில் பெயரை அடித்து முதலில் வருவதை அழுத்தாதீர்கள். முதலில் வருவது பல சமயம் விளம்பரம். விளம்பரத் தடுப்பானையே விளம்பரம் மூலம் போலியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் விட்ட எச்சரிக்கையில், மோசடிக்காரர்கள் நிஜக் கம்பெனிகள் போல வேடமிட்டு தேடல் விளம்பரம் கொடுக்கிறார்கள், அதனால் தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே சொன்னது. போலீஸே சொல்லிவிட்டது என்று நான் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஒரே விஷயம் இது. எக்ஸ்டென்ஷன் கடைக்கு நேராகப் போய், உருவாக்கியவர் பெயரையும் பயனர் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. 2018 ஏப்ரலில், தடுப்பான் தயாரிக்கும் ஆட்கார்டு நிறுவனத்தார் குரோம் கடையில் ஐந்து போலித் தடுப்பான்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றைப் போட்டிருந்தவர்கள் மொத்தம் 2 கோடிக்கும் மேல்.

"தடுப்பான் போட்ட பிறகுதான் விளம்பரம் கூடியது"

தேடுபொறி தானாக மாறியிருக்கிறது, முகப்புப் பக்கம் வேறு ஏதோவாக இருக்கிறது, எந்தச் சுட்டியை அழுத்தினாலும் இன்னொரு டேப் திறக்கிறது. வேலிதான் பயிரை மேய்கிறது.

பெரும்பாலான விளம்பரத் தடுப்பான்கள் ஒரு அனுமதி கேட்கும்: 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்'. கேட்காமல் முழுதாக வேலை செய்யவும் முடியாது. பக்கத்திலிருந்து விளம்பரத்தை எடுக்க வேண்டுமானால் பக்கத்தைத் தொட்டாக வேண்டும். ஆனால் அதே அனுமதியோடு உங்கள் மின்னஞ்சலையும் வங்கிப் பக்கத்தையும் தொடலாம். வீட்டுச் சாவியைக் கொடுத்து வைப்பது மாதிரி. ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்ற இரண்டின் கதை போதும். நல்ல பெயர் எடுத்தவை, லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்தார்கள். 2020இல் அதை எழுதியவர் பராமரிக்க நேரமில்லை என்று வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அனுப்பிய புதுப்பிப்பில் பயனர்களின் தகவல்களை வெளியே அனுப்பும் நிரல் இருந்தது. ரேமண்ட் ஹில் அதைப் பிரித்துப் பார்த்து எல்லோரையும் எச்சரித்தார், கூகுளும் கடையிலிருந்து நீக்கியது. இதில் பயனர்கள் செய்த தவறு என்று ஒன்றுமே இல்லை. இரவு தூங்கி எழுந்தபோது எக்ஸ்டென்ஷன் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் செய்ய வேண்டியது: சந்தேகமான எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். எது என்று தெரியவில்லையா, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கி, எதை இயக்கும்போது தொல்லை திரும்புகிறது என்று பாருங்கள். நீக்கிய பிறகு தேடுபொறி, முகப்புப் பக்க அமைப்புகளைச் சரிசெய்து, முக்கியமான கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். நீக்கும் பொத்தானே இல்லாமல் மங்கிக் கிடந்தால், வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று குரோம் சொன்னால், விஷயம் பிரவுசரைத் தாண்டி விண்டோஸுக்குள் போயிருக்கக்கூடும். சில ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்களாலும் அந்த வரி வரும் என்பதால் உடனே பதற வேண்டாம். ஆனால் முழு ஸ்கேன் ஒன்று போட்டே ஆக வேண்டும்.

"பெரும்பாலானவை போய்விட்டன, சில மட்டும் அடக்க ஒடுக்கமாக வருகின்றன"

ஆட்பிளாக் பிளஸ் அல்லது ஆட்பிளாக் வைத்திருக்கிறீர்கள். அமைப்புகளுக்குப் போய் 'அக்செப்டபிள் ஆட்ஸ்' என்பதன் எதிரில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கண்ணை உறுத்தாத விளம்பரங்களை மட்டும் அனுமதிக்கும் திட்டம் அது. 2011 டிசம்பரில் ஆட்பிளாக் பிளஸ் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் இதற்குக் கட்டணம் கட்டுகின்றன. திட்டம் ஒளிவுமறைவானது இல்லை, அவர்களே சொல்கிறார்கள். அது தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டவுடன் தானாக டிக் ஆகியிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அதே அமைப்புப் பக்கத்தில் கண்காணிப்பைத் தடுக்கும் தேர்வு தனியாக இருக்கும், அதை நீங்கள்தான் டிக் செய்ய வேண்டும். விளம்பரம் தெரியவில்லை என்றால் கண்காணிப்பும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். யூபிளாக் ஆரிஜினில் ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி என்ற தடுப்புப் பட்டியல்கள் இரண்டும் தொடக்கத்திலேயே இயங்கும். முன்னது விளம்பரத்துக்கு, பின்னது வேவுக்கு.

"ஆங்கிலத் தளங்கள் துடைத்த மாதிரி இருக்கின்றன, தமிழ்ச் செய்தித் தளங்களில் மட்டும் கொட்டுகிறது"

இதற்கான விடையை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஈஸிலிஸ்ட் என்பது அடிப்படையில் ஆங்கிலத் தளங்களையும் உலகளாவிய விளம்பர நிறுவனங்களையும் வைத்து எழுதப்பட்டது. நம்மூர்த் தளங்களுக்கே உரிய விளம்பரப் பெட்டிகள் அதில் வராது. அவற்றுக்கென்று இந்தியன்லிஸ்ட் என்று ஒரு பட்டியலைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். யூபிளாக் ஆரிஜினுக்குள்ளேயே அது இருக்கிறது. ஆனால் பிரவுசரின் மொழியைப் பார்த்துத்தான் அது வட்டாரப் பட்டியலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். நம்மில் எத்தனை பேர் பிரவுசரைத் தமிழில் வைத்திருக்கிறோம்? எல்லோருடையதும் ஆங்கிலம். ஆகவே யூபிளாக் நம்மை ஆங்கிலேயர் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது.

யூபிளாக் ஐகானை அழுத்தி, பல்சக்கரப் படத்தில் டாஷ்போர்டு திறந்து, 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்' பகுதியில் கீழே வட்டாரப் பட்டியல்கள் இருக்கும். அதில் இந்தியன்லிஸ்டை டிக் செய்து, மேலே உள்ள 'அப்ளை சேஞ்சஸ்' பொத்தானை அழுத்துங்கள். அழுத்த மறந்துவிட்டு "டிக் போட்டேன், ஒன்னும் ஆகல" என்பவர்கள் நிறைய.

அப்படியும் ஒரு பெட்டி பிடிவாதமாக நிற்கிறதா? ஐகான் மெனுவில் மின்னல் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி வேண்டாததைத் தொட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் மறையும். பக்கத்தில் உள்ள துளிசொட்டி மாதிரி படம் நிரந்தரமாக மறைக்கும். படிக்கும்போது கூடவே நகர்ந்து வரும் குட்டி வீடியோவை ஒழிக்க எனக்குப் பிடித்த ஆயுதம் இதுதான். ஆனால் கை தவறிப் பக்கத்தையே மறைத்துவிட்டால், டாஷ்போர்டில் 'மை ஃபில்டர்ஸ்' பகுதியில் கடைசி வரியை நீக்கினால் திரும்பிவிடும்.

"பிரவுசரை மூடினாலும் திரை மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று வருகிறது"

இதற்கு எந்த விளம்பரத் தடுப்பானும் போட வேண்டாம். போட்டாலும் போகாது. என்றைக்கோ ஒரு தளம் 'நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி பொத்தானை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அது ரோபோ சோதனை இல்லை, அறிவிப்பு அனுப்ப உங்களிடம் வாங்கிய அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் பிரவுசர் வழியாக விண்டோஸ் அறிவிப்பு மாதிரியே வேடம் போட்டு விளம்பரம் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

குரோம் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குள் தள அமைப்புகளைத் திறந்து, அறிவிப்புகளுக்குப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். பெயர் தெரியாத எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு அதே பக்கத்தில், தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள். அண்ணாச்சி வீட்டு லேப்டாப்பில் பதினேழு தளங்கள் இருந்தன. வைரஸ் பயத்தில் ஒரு ஆன்ட்டிவைரஸுக்குப் பணமும் கட்டிவிட்டிருந்தார், பாவம்.

"பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நிற்கிறது"

முதலில் ஒன்று: அவசரப்பட்டு ரீலோட் செய்யாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா, பணம் போய்விட்டதா என்று பாருங்கள். அப்புறம் மற்றது.

ஒரு பொங்கல் நேரம், பஸ் டிக்கெட் எடுக்கும் ஒரு தளத்தில் இருக்கை தேர்ந்தெடுத்து, கார்டு எண் போட்டு, ஓ.டி.பி. பக்கத்துக்காகக் காத்திருந்தேன். வெள்ளைத் திரை. மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை இருக்கையே போய்விட்டது. தளத்தைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தெரிந்தது, முந்தின வாரம் நானே இரண்டாவதாக ஒரு தடுப்பானைச் சோதித்துப் பார்க்கப் போட்டு, எடுக்க மறந்திருந்தேன். ஊருக்கு நின்றுகொண்டே போனேன்.

பணம் கட்டும்போது நீங்கள் ஒரே தளத்தில் இருப்பதில்லை. கடையின் தளம், அங்கிருந்து பணப் பரிமாற்ற நிறுவனத்தின் தளம், அங்கிருந்து வங்கியின் தளம் என்று கைமாறிக்கொண்டே போகும். யூபிளாக்கின் பெரிய பவர் பொத்தான் அந்தந்தத் தளத்துக்கு மட்டும்தான் அணைக்கும். கடையின் தளத்தில் அணைத்துவிட்டு, அடுத்த தளத்தில் அது இயங்கிக்கொண்டிருந்தால் பக்கம் அங்கே நிற்கும். எந்தப் பக்கம் வெள்ளையாக நிற்கிறதோ அங்கே அணையுங்கள். அல்லது எளிய வழி, டிக்கெட், வரி, மின் கட்டணம் மாதிரி வேலைகளுக்கு எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாத இன்னொரு பிரவுசரை வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் போடும் இடத்தில் சாவி வைத்திருக்கும் ஆட்கள் குறைவாக இருப்பது எப்படியும் நல்லதுதான்.

"தடுப்பானை எடுத்தால்தான் காட்டுவேன் என்று தளம் மிரட்டுகிறது"

யூடியூப் 2023இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. யூடியூபில் விளம்பரமும் வீடியோவும் ஒரே இடத்திலிருந்து வருவதால் தடுப்பது கஷ்டம். ஒரு பக்கம் அவர்கள் மாற்றுவதும், மறு பக்கம் பட்டியல் எழுதுபவர்கள் துரத்துவதுமாகச் சில சமயம் ஒரே நாளில் பலமுறை மாறும். ஆகவே இன்று வேலை செய்யும் தந்திரத்தை நான் எழுதினால் நாளை அது வீண். மாறாத வழிமுறை இதுதான்: மற்ற தடுப்பான்களை எல்லாம் நீக்குங்கள், எங்கோ பார்த்து 'மை ஃபில்டர்ஸ்' பகுதியில் ஒட்டிய வரிகளை அழியுங்கள், ஃபில்டர் லிஸ்ட்ஸில் 'அப்டேட் நவ்' அழுத்துங்கள், யூடியூபைப் புதிதாகத் திறங்கள். வரவில்லையா, சில மணி நேரம் கழித்து மறுபடியும் புதுப்பியுங்கள். லைட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பொத்தான் இருக்காது, புதிய பதிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும்.

வீடியோக்காரரே நடுவில் "இந்தக் காணொளியை வழங்குவோர்" என்று பேசும் பகுதி வீடியோவின் அங்கம். அதை விளம்பரத் தடுப்பான் தொடாது. ஸ்பான்சர்பிளாக் என்ற வேறு எக்ஸ்டென்ஷன், மற்ற பார்வையாளர்கள் குறித்துக் கொடுத்த நேரத்தை வைத்து அதைத் தாண்டிப் போகும்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தமிழ்த் தளம், அடக்கமாக ஒரு பெட்டி விளம்பரம் வைத்துக்கொண்டு, தடுப்பானை எடுங்கள் என்று கெஞ்சினால் நான் எடுத்துவிடுவேன். பவர் பொத்தான் ஒரு தளத்துக்கு மட்டும் அணைக்கும் வகையில் இருப்பது அதற்கும் வசதி.

"குக்கர் பார்த்தேன், ஒரு மாதமாகக் குக்கர் துரத்துகிறது"

விளம்பரம் தெரிவது ஒரு தொல்லை என்றால் இது வேறு வகை. ஒரு கடையில் நீங்கள் பார்த்ததை வேறு தளத்தில் இருப்பவர் எப்படி அறிகிறார்? இரண்டு தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் உட்கார்ந்திருக்கிறது, அதன் குக்கி, அதாவது உங்கள் பிரவுசரில் அது விட்டுவைக்கும் அடையாளச் சீட்டு, உங்களைக் காட்டிக்கொடுக்கிறது. குக்கரும் குக்கியும்! இதைத் தடுக்க ஈஸிபிரைவசி பட்டியல் இயங்குகிறதா என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறது. சஃபாரி 2020லேயே மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத மற்றவர்கள் வைப்பவற்றை, முழுவதும் தடுத்துவிட்டது. குரோம் தடுக்கப்போகிறேன் என்று பல ஆண்டுகள் சொல்லிவிட்டுக் கடைசியில் கைவிட்டது.

விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை, வேவு மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இணைய உரிமைகளுக்காக இயங்கும் ஈ.எஃப்.எஃப். அமைப்பின் பிரைவசி பேட்ஜர் சரியான தேர்வு. விளம்பரத்தை அல்ல, கண்காணிப்பவர்களைத்தான் அது குறிவைக்கும். முழு யூபிளாக் வைத்திருந்தால் அது தேவையில்லை. தளங்களின் ஸ்கிரிப்டையே நிறுத்தி வைக்கும் நோஸ்கிரிப்ட் என்ற எக்ஸ்டென்ஷன் வலிமையானது, ஆனால் ஒவ்வொரு தளத்திலும் எதை அனுமதிப்பது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். அண்ணாச்சிக்குப் போட்டுக் கொடுத்தால் நான் அவர் வீட்டிலேயே குடியிருக்க வேண்டியதுதான். உங்கள் பிரவுசர் எவ்வளவு தூரம் தனித்து அடையாளம் தெரிகிறது என்று பார்க்க, அதே ஈ.எஃப்.எஃப். நடத்தும் 'கவர் யுவர் டிராக்ஸ்' சோதனையை ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் உள்நுழைந்த கணக்கை எந்த எக்ஸ்டென்ஷனும் மறைக்காது. கடையின் தளத்தில் உங்கள் பெயரில் உள்நுழைந்து குக்கர் தேடினால், அந்தக் கடைக்குத் தெரியத்தான் செய்யும். லேப்டாப்பில் பார்த்தது ஃபோனில் வருவதும் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே கணக்கு இருப்பதால்தான்.

"ஃபோனில் எதுவுமே வேலை செய்யவில்லை"

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் அதில் முழு யூபிளாக் ஆரிஜின் கிடைக்கும். ஐஃபோனில் சஃபாரிக்கு ஆட்கார்டு உண்டு, 2025 முதல் யூபிளாக் ஆரிஜின் லைட்டும் உண்டு.

இவை எல்லாம் பிரவுசருக்குள் மட்டும்தான். செய்தி ஆப், விளையாட்டு ஆப் இவற்றின் விளம்பரத்தை எக்ஸ்டென்ஷன் எட்டாது. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்புகளில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று ஒன்று இருக்கிறது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவைதான் டி.என்.எஸ். அதில் ஆட்கார்டு போன்றவர்களின் விளம்பரம் தடுக்கும் டி.என்.எஸ். முகவரியைக் கொடுத்தால் ஆப்களிலும் கணிசமாகக் குறையும். யூடியூபில் குறையாது, காரணம் மேலே சொன்னதுதான். நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் அந்த டி.என்.எஸ். நடத்துபவருக்குத் தெரியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆப் முரண்டு பிடித்தால் 'தானியங்கு' என்று மாற்றிவிட்டு முயலுங்கள்.

எந்த ஆப்பும் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் குதிக்கிறதா? ஏதோ ஒரு ஆப்தான் அதைக் காட்டுகிறது. விளம்பரம் வந்த கணமே சமீபத்திய ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்தி, எதன் ஐகான் மேலே இருக்கிறது என்று பாருங்கள். என் சித்தி ஃபோனில் அது ஒரு டார்ச் ஆப்பாக இருந்தது. ஃபோனிலேயே டார்ச் இருக்கும்போது எதற்குத் தனியாக ஒன்று என்று கேட்டேன். "அது வெளிச்சம் பத்தலடா" என்றார். அழித்துவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு விளம்பரம் வரவில்லை.